காயல் துறையும் டெர்பிப் பந்தயமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் இலக்கிய அவையில் குதிரைப் பந்தயம் பற்றி ஓர் உரையா என்று அழைப்பிதழைக் கண்ட சிலர் கேட்டனர். கேட்டதில் தவறில்லை. நம்மவர்க்குக் குதிரைப் பந்தயம் என்றால் சூது. சம்பள நாளன்று வீடு திரும்பாத கணவன். அடகுக் கடைக்குப் போன நகை. அந்த நினைவைப் பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பந்தயம் 240 ஆண்டுகளுக்கு மேலாக மதிப்புக் குன்றாமல் நடந்து வருகிறது. அம்மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், விடை பணம் கட்டும் கூடத்தில் இல்லை. ஓர் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டின் கதையையும், நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் நடந்த ஒரு வாணிகத்தின் கதையையும் இன்று அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இலண்டன் மாநகருக்குத் தெற்கே உள்ளது எப்சம் என்னும் ஊர். 1779ஆம் ஆண்டு அங்கே மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கென ஒரு பந்தயம் நடந்தது. பன்னிரண்டாம் டெர்பி பிரபு தம் மாளிகையின் பெயரால் அதனை ‘ஓக்ஸ்’ என்று அழைத்தார். மறு ஆண்டு, 1780 மே 4ஆம் நாள், ஆண் குதிரையும் பெண் குதிரையும் சேர்ந்தோடும் பந்தயம் தொடங்கியது. அதற்கு டெர்பி பிரபுவின் பெயரை வைப்பதா, அவர் நண்பர் சர் சார்லஸ் பன்பரியின் பெயரை வைப்பதா என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பது செவிவழிக் கதை. பெயர் பிரபுவுக்குப் போயிற்று. வெற்றி பன்பரிக்குப் போயிற்று. முதல் டெர்பியை வென்ற டயமெட் என்னும் குதிரை அவருடையது.

தொடக்கத்தில் ஒரு மைலாக இருந்த ஓட்டம் 1784இல் ஒன்றரை மைல் ஆயிற்று. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,400 மீட்டர். இரண்டரை நிமிட நேரத்துச் செய்தி. அந்த இரண்டரை நிமிடத்திற்காகப் 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அலுவலை ஒத்திவைத்தது. பந்தயத்தின் பெயர் நாடு நாடாகச் சென்றது. அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி 1875இல் தொடங்கியது. ஜப்பானிய டெர்பி 1932இல். மும்பை மகாலட்சுமி திடலில் இந்திய டெர்பி 1943இல். ஒரு தனிமனிதரின் பட்டப்பெயர் உலக மொழிகளில் பொதுப்பெயராக மாறிற்று.

நாட்டின் கண்கள் எல்லாம் அங்கே இருந்தன என்பதற்குத் துயரமான சான்று ஒன்றும் உண்டு. 1913 ஜூன் 4ஆம் நாள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன், டெர்பி நடந்துகொண்டிருந்தபோது ஓடுபாதையில் இறங்கினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அன்மர் என்னும் குதிரை மோதி வீழ்ந்தார். நான்கு நாள் கழித்து உயிர் நீத்தார். தம் குரல் கேட்கவேண்டிய இடம் எது என்று எண்ணிப் பார்த்தவர் நாடாளுமன்ற வாயிலை விட்டு அந்தத் திடலைத் தேர்ந்தார் என்றால், அப்பந்தயத்தின் இடம் எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

இத்தகைய மதிப்பு எப்படி வந்தது? பந்தயத்தின் இரண்டு விதிகளைக் கவனியுங்கள். மூன்று வயதுக் குதிரை மட்டுமே டெர்பியில் ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு. இவ்வாண்டு தோற்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. இரண்டாவதாக, விதை நீக்கிய குதிரைக்கு அதில் அனுமதி இல்லை. ஏன்? வெல்லும் குதிரை அடுத்த தலைமுறையைத் தரவேண்டும் என்பதே கருத்து. பரிசுக் கோப்பையைக் காட்டிலும் பிறக்கப்போகும் குட்டிகளே அவர்களுக்கு முதன்மை.

குட்டி முதன்மையானால் அதன் தாயும் தந்தையும் யார் என்பது தெரியவேண்டும். ஓட்டங்களின் முடிவுகளை ஆண்டுதோறும் அச்சிடும் வழக்கம் 1727இலேயே அங்கே தொடங்கிவிட்டது. 1791இல் வெதர்பி குடும்பத்தார் குதிரைகளின் குலவரிசையைத் தொகுத்து வெளியிட்டனர். அந்தப் பதிவேடு தாய்க்குதிரைகளை முதலாக வைத்து அமைந்தது. இன்ன தாய், இன்ன ஆண்டு, இன்ன தந்தைக்கு, இன்ன நிறத்துக் குட்டியை ஈன்றாள் என்று எழுதினார்கள். குட்டி இறந்தாலும் எழுதினார்கள். இன்றளவும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் ‘தரோபிரெட்’ என்று அழைக்கும் பந்தயக் குதிரை இனம் என்பது, நடைமுறையில், இத்தகைய ஏடுகளில் பெயர் ஏறிய குதிரைகளின் இனம். ஏட்டில் இல்லாத குதிரை எத்துணை விரைந்து ஓடினாலும் அக்குலத்தைச் சேராது. இந்தியாவிலும் அதற்கெனத் தனிப் பதிவேடு உண்டு.

அந்த ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால் கீழைநாட்டிலிருந்து சென்ற மூன்று ஆண்குதிரைகளில் போய் முடிகிறது: பையர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்பின் அரபி. டார்லி அரபி 1704இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து போனது. இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழி இம்மூன்றில் ஒன்றையே சென்றடையும். ஆங்கிலேயரின் பெருமிதமாகிய அந்தப் பந்தயக் குதிரையின் தந்தைவழி, கீழைநாட்டுக் குருதி.

அவையோரே, இங்கேதான் நம் ஆற்றங்கரைக்கு வரவேண்டியிருக்கிறது. அவர்கள் மூன்று குதிரைகளைப் பெயர் சொல்லிப் போற்றுவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே, அரபுக் கடற்கரைகளிலிருந்து குதிரைகள் ஆயிரக்கணக்கில் நம் தாமிரபரணியின் கழிமுகத்தில் வந்து இறங்கின. கொற்கைக்குப் பின் பாண்டியரின் பெருந்துறையாக விளங்கிய காயல்தான் அந்த இடம். கடல் பின்வாங்கி, ஆறு வண்டலைக் கொணர்ந்து குவித்து, துறை ஊரானது. இன்று அது பழையகாயல். திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறை இதுவே என்று எடுத்துக்காட்டினார்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் எல்லாம் காயலுக்கு வந்ததாக எழுதுகிறார். அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டு முடிவதற்குள் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரியாமையே காரணம் என்றும், குதிரை மருத்துவம் அறிந்தவர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பல் விலைபோகும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. பாண்டிய நாடாகிய மாபாருக்கும் கம்பாயத்து முதலிய துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். வந்திறங்கிய குதிரைக்கு இங்கே வறுத்த பார்லியும் நெய்யில் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். அன்பில் குறைவில்லை என்பது தெரிகிறது. ஆனால் புல்லுக்கும் வெட்டவெளிக்கும் பிறந்த உயிரை விருந்தாளியைப்போல உபசரித்தே கொன்றிருக்கிறோம்.

நம் வெப்பமும் ஈரமும் குதிரைக்கு ஏற்றவை அல்ல என்பதை மறுக்க முடியாது. உயர்ந்த குதிரைக்கு இங்கே பிறக்கும் குட்டியும் கால் கோணிப் பிறக்கிறது என்று மார்க்கோ போலோவே சொல்கிறார். குதிரை நூலறிவு நமக்கு இல்லாமலும் இல்லை. ஐந்து கதியும் பதினெட்டுச் சாரியும் நம் உரையாசிரியர்கள் அறிந்தவை. குதிரையேற்றம் பயிலும் வெளிக்குச் செண்டுவெளி, வையாளி வீதி என்று பெயர்கள் இருந்தன. ஆயினும் மார்க்கோ போலோவும் வசாப்பும் நமக்கு விட்டுச் சென்றவை எண்ணும் விலையுமே. இத்தனை குதிரை, இத்தனை தினார். காயலில் இறங்கிய ஒரு குதிரையின் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை. ஒரு தாய்க்குதிரையின் பெயரும் இல்லை. அதற்குக் கொள்ளு அவித்தவன் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மாணிக்கவாசகர் வரலாற்றை இந்த வெளிச்சத்தில் மீண்டும் நினைத்துப் பாருங்கள். குதிரை வாங்கக் கொடுத்த அரசன் பொருள் திருப்பெருந்துறையில் திருப்பணியாகிறது; நரிகள் பரிகளாகி வருகின்றன; இரவோடு இரவாக மீண்டும் நரிகளாகி ஓடுகின்றன. பரஞ்சோதி முனிவர் இதனை இரண்டு படலங்களாக விரித்துப் பாடினார். பக்தர்க்கு இது திருவிளையாடல். பாண்டிய நாட்டுக் கருவூலக் கணக்கனுக்கோ, நரியாக மாறாமலே மறைந்துபோன குதிரைகளைப் பற்றிய கசப்பான உண்மை. மாலையில் லாயம் நிறைய நின்றவை காலையில் இல்லை!

அப்படியானால் தமிழகம் குதிரையின் பெயரை எழுதி வைக்கவே இல்லையா? எழுதி வைத்தது. எழுதியவர் அரசவைக் கணக்கர் அல்லர், புலவர். காரி என்னும் வள்ளலின் குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை அவ்விரு குதிரைகளையும் அவற்றின் தலைவர்களோடு ஒருங்கே நிறுத்துகிறது. சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என்று மரபு காத்துவைத்தது.

பெயர் சொல்லாத இடத்திலும் ஒரு குதிரையை மறக்க முடியாதபடி செய்தவர் பொன்முடியார். புறநானூற்றின் 299ஆம் பாட்டை இங்குள்ளோர் அறிவீர்கள். பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் மன்னனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. களத்தில் அதுதான் கடலைக் கிழிக்கும் தோணிபோலப் பகைப்படையைப் பிளக்கிறது. மருத வளம் மிக்க பெருமன்னரின் குதிரைகள் நெய்யூட்டி வளர்த்தவை. பிடரிமயிர் கத்தரித்து, மாலை சூட்டி நிறுத்தப்பட்டவை. அவை முருகன் கோட்டத்தில் கலந்தொடாது விலகி நிற்கும் மகளிர்போல ஒதுங்கி நிற்கின்றன. வகுப்பில் இந்த உவமை வரும்போது மாணவியர் தலைகுனிவதுண்டு. அதனை விளக்காமல் கடந்துபோகும் ஆசிரியரும் உண்டு. நான் விளக்கிவிட்டே மேலே செல்வேன். அதை எழுதத் தயங்காதவர் ஒரு பெண்பாற் புலவர். வசாப் எழுதிய நெய்த் தானியத்தைப் படித்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொன்முடியார் நமக்கு எச்சரிக்கை தந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவர் பாடிய நெய்யூட்டும் மன்னர் மருத நிலத்தார். நம் ஆற்றங்கரையும் மருதமே.

எருமை வெளியனாரின் 273ஆம் பாட்டோ, போர் முடிந்த மாலையில் வீட்டு வாயிலில் நிற்கும் ஒரு பெண்ணின் குரல். எல்லார் குதிரையும் வந்தன. தன் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. இரண்டு பேராறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம்போல அது சாய்ந்ததோ என்று அவள் கலங்குகிறாள். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு அந்த மரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஆங்கிலேயரின் ஏட்டுக்கும் நம் புலவரின் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஏடு தொடர்ச்சியில் சிறந்தது. ஓர் ஆண்டும் விடுபடாமல் எழுதப்பட்டது. ஆனால் அது வென்ற குதிரை, அதன் உடைமையாளர், அதன் மேல் ஏறியவர் ஆகியோரைப் போற்றுவது. லாயத்தில் கண்விழித்தவனுக்கு அதில் வரி இல்லை. நம் புலவர் ஏடு தொடர்ச்சியற்றது. எனினும் சக்கை தின்ற குதிரைக்கும், திரும்பி வராத குதிரைக்கும், வாயிலில் நின்ற பெண்ணுக்கும் அதில் இடம் உண்டு. ஒன்றின் விடாமுயற்சியும் மற்றொன்றின் கண்ணும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் காயல் துறை நமக்கு இப்படி ஊமையாகியிருக்காது.

இது பழங்கதை மட்டும் அன்று. சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு 1777இல் தொடங்குகிறது. அதாவது எப்சம் டெர்பிக்கு மூன்று ஆண்டு முன்பே. தென்னிந்திய டெர்பி ஓடிய திடல் அது. நாட்டின் உயர்ந்த பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்ற உடைமையாளர் செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமி தமிழர். ஆண்களுக்கே உரியதாக இருந்த தொழிலில் இந்தியாவின் முதல் பெண் ஜாக்கி என்று பெயர் பெற்ற ரூபா சிங் சென்னைத் திடலில் வெற்றிகள் கண்டவர். 1974இல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் பந்தயச் சங்கத்தையே கையகப்படுத்த மற்றொரு சட்டம் வந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, வெறும் நற்பேற்றைச் சார்ந்ததன்று என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சட்டத்தின் ஐயத்தைத் தீர்த்தது. கடன்பட்ட குடும்பங்களின் கண்ணீரைத் தீர்க்கவில்லை. இரண்டையும் நாம் ஒருசேர நினைவில் வைக்கவேண்டும்.

1946 முதல் 99 ஆண்டுக்கு, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சத்துக்குக் குத்தகையாகப் பெற்ற நிலம் அது. 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை நீக்கி, ஏறத்தாழ 160 ஏக்கரைத் திரும்ப எடுக்க முனைந்தது, வழக்கும் எழுந்தது. அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டப்பட்டன. வெள்ளத்தில் தவிக்கும் நகரத்துக்குக் குளம் வேண்டியதே. அதை நான் குறைகூறேன். உதகை பந்தயத் திடலின் நிலமும் அதே ஆண்டில் அரசின் கைக்குப் போயிற்று. என் கவலை வேறு. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அத்திடலில் கடிவாளம் தைத்தவர், லாடம் அடித்தவர், விடியலில் குதிரையை நடத்திச் சென்றவர் தமிழில் பேசியிருப்பார்கள். குதிரையின் குணங்களுக்கும் நோய்களுக்கும் நடைகளுக்கும் அவர்களிடம் சொற்கள் இருந்திருக்கும். நம் தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் பந்தயத் திடல் குடும்பம் கெடும் இடமாக வந்ததே தவிர, ஒரு தொழிலின் இடமாக வந்தது அரிது. திடல் போகலாம், சொல்லும் சேர்ந்து போகவேண்டுமா?

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். இம்மலருக்காக நம் கூட்டப் பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மாதம் தவறாத கூட்டங்கள், பத்து ஆண்டுகள். தலைமை தாங்கியவர் பெயர் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் பெயரும், அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் பெயரும் இருக்கின்றன. வந்தோர் எண்ணிக்கையும் தேநீர்ச் செலவும் இருக்கின்றன. ‘கவியரங்கம் சிறப்பாக நடைபெற்றது, கவிஞர் அறுவர் பாடினர்’ என்றும் இருக்கிறது. அந்த அறுவரும் என்ன பாடினர்? அது இல்லை. எண்ணும் செலவும் உள, பாட்டு இல்லை. நம் பதிவேட்டைக் காயல் துறையின் கணக்குப்போல நாம் எழுதியிருக்கிறோம் என்பதை அன்போடும் உரிமையோடும் சொல்கிறேன்.

ஆகவே அடுத்த பத்தாண்டுகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இவ்வட்டத்தில் படிக்கப்படும் ஒவ்வொரு கவிதையின் படியும் அன்றே வாங்கி, நாளிட்டு, பதிவேட்டோடு வைக்கப்படவேண்டும். நல்ல கவிதையா, அல்லாததா என்பதை அன்றே தீர்மானிக்க வேண்டாம். குலப்பதிவேட்டில் தோற்ற குதிரைக்கும் இடம் உண்டு. எந்தத் தோற்ற குதிரையின் பேரன் நாளை வெல்லும் என்பதை யாரும் அறியார்.

இரண்டாவது, நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் குதிரை வண்டி ஓட்டிய முதியவர்களும் லாடம் கட்டியவர்களும் இருப்பின், அவர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய சொற்களைக் கேட்டு எழுதவேண்டும். பங்குனி உத்திரத்தில் நாம் குடும்பத்தோடு செல்லும் சாத்தா கோயில்களில் குதிரைச் சிலைகளின் முன் நிற்கிறோம். உயிர்க்குதிரையைப் பேணியவனின் சொல்லுக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு உரியது. இளைய உறுப்பினர்கள் இதற்கு முன்வரவேண்டும். என் மாணவியர் சிலரை நான் அனுப்பிவைக்கிறேன்.

மூன்றாவது வேண்டுகோள் கவிஞர்களுக்கு. விழா மேடையில் மாலை சூடி நிற்கும் நெய்யூட்டிய குதிரைகளை நாம் போதுமான அளவு பாடிவிட்டோம். உழுந்துச் சக்கை தின்ற குதிரை இன்னும் நம் தெருவில் நடக்கிறது. அதைப் பாடுங்கள், பாடியதை எழுதி, பெயரும் நாளும் இட்டுப் பதிவேட்டுக்குத் தாருங்கள். டெர்பியின் மதிப்பு முதல் ஆண்டில் வந்ததன்று. ஓர் ஆண்டும் விடாமல் எழுதியதால் வந்தது. நம் வட்டத்தின் மதிப்பும் அவ்வாறே வரட்டும்.